துடைப்பம் ஏந்திய புனிதர்

கறுத்த மேனியும் வெள்ளை அங்கியுமாய், கையில் துடைப்பம் ஏந்தி, காலடியில் நாயும் பூனையும் எலியும் சூழ நிற்கும் புனிதரின் படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். அவரே புனித மார்ட்டின் தெ போரஸ். 1579-இல், பெரு நாட்டின் பாலைநிலக் கடற்கரையில் அமைந்த லீமா நகரில் பிறந்தவர். சாமிநாதர் சபை மடத்தைப் பெருக்குவதும் நோயாளிகளைப் பேணுவதுமே தம் அருட்பணி எனக் கொண்டவர். மடத்துத் துணிமணிகளை எலிகள் கடித்துப் பாழாக்கவே, நஞ்சு வைத்துவிடலாம் என்றனர் மற்றவர்கள். மார்ட்டினோ ஓர் எலியைப் பிடித்து, தோட்டத்திற்குப் போனால் நாள்தோறும் உணவு தருவதாக அதனிடம் சொல்லி அனுப்பினாராம். எலிக்கூட்டம் முழுவதும் மடத்தை விட்டு வெளியேறியது என்பது வழிவழி வந்த கதை.

எலியோடு பேசும் வரம் நமக்கு இல்லை. ஆனால் அவர் கையிலிருந்த துடைப்பம் நம் வீட்டு மூலையிலும் இருக்கின்றது. நஞ்சை நாடுவதா, துடைப்பத்தை நாடுவதா என்பதே இன்று நம் இல்லங்களின் முன்னுள்ள கேள்வி. இது சிறு கேள்வியன்று. 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலித் தொல்லை நீங்க வேண்டி வீட்டிற்குள் மருந்து வைக்கப்பட்டது. அன்றிரவு குளிர்சாதன அறையில் உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் மாண்டனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எலியை அகற்றப் போய் மழலைகளை இழந்த அத்துயரம் வேறெந்த இல்லத்திலும் நேரலாகாது.

அழையா விருந்தினர் வருவதேன்?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளின் கோடையை நாம் அறிவோம். சிப்காட் தொழிற்சாலைகளைச் சுற்றி வரிசை வரிசையாய் எழுந்துள்ள வாடகை அறைகளில், ஓட்டுக்கூரையும் தகரக்கூரையும் அனலைக் கக்குகின்றன. அவ்வெப்பத்தில் சாக்கடையின் கரப்பான் ஈரம் தேடி அடுக்களைக்கு வருகின்றது. அறுவடை முடிந்த வயலின் எலி தானியம் தேடி வருகின்றது. நாம் சேர்த்து வைக்கும் நீரில் கொசு முட்டையிடுகின்றது. இவை யாவும் நாடுபவை மூன்றே: நீர், உணவு, ஒளிவிடம். இம்மூன்றையும் தருபவர் நாமே. கொடுப்பதை நிறுத்தினால் விருந்தினர் தாமே போய்விடுவர்.

முதலில் நீர். வெயில் காலத்தில் கொசுவின் முட்டை சிறகு பெற்றுப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே டிரம், தொட்டி, குடம் அனைத்தையும் வாரம் ஒரு நாள் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்குக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். மாடித் தொட்டிக்கு இடைவெளியற்ற மூடி வேண்டும். மலேரியா பரப்பும் நகரக் கொசு அங்கேதான் பெருகுகின்றது. இதே கொசு 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் முதன்முறையாகக் காணப்பட்டு, 2022-இல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் மழையற்ற காலத்திலேயே மலேரியாவைப் பரப்பியது. மழையில்லா ஊரிலும் மனிதன் சேமித்த நீர் அதற்குப் போதுமாயிற்று!

அடுத்து உணவு. இரவில் எச்சில் பாத்திரத்தைக் கழுவாமல் உறங்கச் செல்லலாகாது. அரிசி, பருப்பு யாவும் மூடியுள்ள தகர டப்பாவில் இருக்கட்டும். கழுவுதொட்டியைத் துடைத்து உலர விடுங்கள். கரப்பான் பசியைப் பல நாள் தாங்கும், தாகத்தை அவ்வாறு தாங்காது.

மூன்றாவது ஒளிவிடம். சுண்டுவிரல் நுழையும் துளை சுண்டெலிக்குப் போதும். அத்துளையைச் சிமெண்டால் அடையுங்கள். சாக்கடை வாய்க்குக் கம்பிவலை இடுங்கள். பழைய அட்டைப்பெட்டிகளை அகற்றுங்கள். எஞ்சிய எலிக்குப் பொறி உண்டு. நஞ்சின்றி எலி பிடிப்பது நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. வயல் வரப்பில் வளை தோண்டியும், மண்பானைப் புகை ஊதியும் இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாய் அதைச் செய்து வந்துள்ளனர்.

அயலார்மீது பழி வேண்டாம்

மூட்டைப்பூச்சி கண்டவுடன், "வெளிமாநிலத்தார் கொண்டு வந்தது" என்று பேசுவோர் உளர். மூட்டைப்பூச்சிக்கு மொழியும் இல்லை, மாநிலமும் இல்லை. பயணப் பெட்டியிலும் பழைய கட்டிலிலும் ஒளிந்து, துப்புரவான வீட்டிற்கும் அது வரும். பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் ஒரே பாயில் மாறி மாறி உறங்கும் தொழிலாளிதான் அதனால் அதிகம் துன்புறுகின்றான். துணிகளைக் கொதிநீரில் துவைப்பதும், கட்டில் சந்துகளில் கொதிநீர் ஊற்றுவதும் பயன் தரும். பல மருந்துகளை எதிர்த்து வாழ அது பழகிவிட்டமையால், மருந்தை மேன்மேலும் தெளிப்பது பெரும்பாலும் வீண். ஒரு வரிசையில் பத்து அறைகள் இருந்தால் பத்தும் ஒரே நாளில் துப்புரவாக வேண்டும். அயலானின் அறையை விட்டுவிட்டு நம் அறையை மட்டும் காக்க இயலாது. அயலாரை நேசிக்க வேண்டும் என்னும் கட்டளை இங்கே கண்கூடாய் விளங்குகின்றது அன்றோ?

பெற்றோர் மறவாதிருக்க

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழக அரசு தடை செய்துள்ளது. எவர் விற்றாலும் வாங்காதீர்கள். அதை உண்டவர் ஓரிரு நாள் நலமாயிருப்பது போலவே தோன்றும். பின்னரே கல்லீரல் பழுதாகும். ஆகவே குழந்தை எலி மருந்தைத் தொட்டது, வாயில் வைத்தது என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி வரட்டும் எனக் காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். மருந்தின் உறையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். தானியக் கிடங்கில் இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வீட்டிற்குள் நுழையவே கூடாது. ஈரம் பட்டால் அது வெளியிடும் வாயுவுக்கு மாற்று மருந்தே இல்லை. பூச்சி மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதையும் அடியோடு விடுங்கள். வெளியாரை அழைத்து மருந்திட நேர்ந்தால், இடுவது யாது, எத்தனை நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதைக் கேட்டறியுங்கள். மருந்திட்ட அறையைச் சாத்திக்கொண்டு உறங்காதீர்கள்.

புனித மார்ட்டினின் திருநாள் நவம்பர் 3. அத்திங்களில் மழையும் வரும், கொசுவும் பெருகும். அதற்கு முந்திய சனிக்கிழமை மாலை, அன்பியக் கூட்டம் செபத்தோடு முடியாமல், ஒவ்வொரு வீட்டாரும் துடைப்பத்தோடு தெருவில் இறங்கும் நாளாக அமையட்டும். முதிய தாய்மாரின் வீட்டுத் தொட்டியை இளைஞர் கழுவித் தரட்டும். பிறமொழித் தொழிலாளியின் அறைக்கும் நாம் செல்வோம். மடத்தைப் பெருக்கியே விண்ணக மகிமை அடைந்த அப்புனிதர் அத்தகைய வழிபாட்டைக் கண்டு அகமகிழ்வார். நம் குழந்தைகளும் அச்சமின்றி உறங்குவர்.