உழுபவரைக் கேட்காத பேரம்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் முற்றுகைகளைப் பெருமையோடு பேசும் நாம், அங்கே முடிவான ஒரு நில விற்பனையைப் பேசுவதில்லை. 1690இல் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியிலிருந்து மராட்டிய அரசை நடத்திக்கொண்டிருந்தார். முகலாயப் படையை எதிர்க்கப் பணம் தேவைப்பட்டது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் கம்பெனிக்கே என்பது பேரம். அந்த எல்லைக்குள் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. அங்கே உழுதவர்களின் சம்மதத்துக்கு அந்தப் பேரத்தில் இடமே இல்லை. லாபத்துக்காகக் கடல் கடந்து வந்த வணிக நிறுவனம் ஆளும் அதிகாரமாக வளர்ந்ததில் இத்தகைய பேரங்களுக்குப் பெரும் பங்குண்டு.

அது மன்னராட்சி, இன்று சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுப்பதானால் பாதிக்கப்படும் நில உரிமையாளர் குடும்பங்களில் 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். சமூகத் தாக்க மதிப்பீட்டையும் அது கட்டாயமாக்குகிறது. கூலித் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்படுவோர் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் தொழில் வளாகங்களுக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாடு தனியாக வைத்திருக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தச் சம்மதமும் இல்லை, மதிப்பீடும் இல்லை. அது செல்லாது என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது; 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இதன் விளைவைச் செஞ்சிக்கு வடக்கே, செய்யாறு பகுதியிலுள்ள மேல்மாவில் பார்த்தோம். அரசின் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் நூறு நாட்களைத் தாண்டிப் போராடினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே அரசு அந்தக் கைது நடவடிக்கையிலிருந்து பின்வாங்கத் தொடங்கியது.

தொழிற்சாலை வராமல் பிள்ளைகளுக்கு வேலை எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சம்பாதிக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஊருக்கு நன்மை தரும் திட்டம் ஊர்க் கூட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இழப்பீடு பட்டாதாரரின் கைக்குப் போகிறது. அந்த நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்தவர் என்ன ஆவார் என்பதை மதிப்பீடு செய்தால்தான் தெரியும். ஊரைக் கேட்டால் காலதாமதம் ஆகும் என்பவர்கள், கேட்காமல் போனதால் வந்த போராட்டங்களையும் வழக்குகளையும் கணக்கில் சேர்க்கட்டும்.

மக்கள் பேசினால் முடிவு மாறும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சாட்சி. வேதாந்தா குழும நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் போன டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஊர்கள் கிராம சபைத் தீர்மானம் போட்டன, மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் ஊரின் நிலத்தைப் பற்றிக் கேள்வி கேளுங்கள், தீர்மானத்தை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நிலமெடுப்பில் ஊரின் சம்மதத்தைச் சட்டமாக்கும்படி உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கோருங்கள்.