மாட்டிய டிஸ்க் மறுநாள் எங்கே போயிற்று?

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் கணக்கறையிலே (தீப்பெட்டி செய்யும் ஆலையையே ஆபீஸ் என்பது இந்தப் பக்கத்து வழக்கம்), பங்குனி வெயில் இன்னும் தணியாத ஒரு மார்ச் 31-ஆம் தேதி மாலையில், கணினியின் டிஸ்க் நிரம்பிப்போய், கணக்கு மென்பொருள் மேற்கொண்டு ஓர் எழுத்தும் ஏற்கமாட்டேன் என்று நின்றுவிட்டபடியால், பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் அவசரமாக அழைக்கப்பட்டார். அவர் வந்து, கறுப்புத் திரையில் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டி, புதிய டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, கணக்கு அடைவு முழுவதையும் அதற்கு மாற்றிவைத்து, ஒருமுறை ரீபூட்டும் செய்து பார்த்து, "முடிஞ்சுது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கையில் திணிக்கப்பட்ட கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு விடைபெற்றார். அன்றிரவு மின்சாரம் போயிற்று, யு.பி.எஸ். தன்னால் இயன்றவரையில் தாங்கிவிட்டு ஓய்ந்தது. மறுநாள் மத்தியானம், போன வருஷத்து ரசீது ஒன்றைத் தேடப்போன இடத்தில், டிஸ்க்கையே காணோம் என்பது தெரியவந்தது.

"நேத்து மாட்டிட்டுத்தான அண்ணாச்சி போனேன்!"

"மாட்டுனது வாஸ்தவந்தான் தம்பி. இப்ப எங்க?"

வேறொரு வேலையாக அங்கே போயிருந்த நான், இந்த வினாவுக்கு விடை காணும்வரை எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அறையில் இருந்த சர்வர் ஒன்றே. ஆயினும் அதனுள் குடியிருந்த கணினிகள் மூன்று. ஒரே யந்திரத்தின் செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டுத் தனித்தனிக் கணினிகளாகத் தோன்றச் செய்யும் இந்த வித்தைக்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். தொழில் செய்பவர்கள் வி.எம். என்பார்கள். இது நேற்றுப் பிறந்த விஷயமன்று. 1960-களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உண்டாக்கிய முறை, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் வெளிவந்தபோதே, மெய்யான டிஸ்க் ஒன்றைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் அவரவருக்கு முழு டிஸ்க்காகவே காட்டும் 'மினிடிஸ்க்' ஏற்பாடும் அதில் இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் கர்னலிலேயே இந்த வித்தைக்கான கே.வி.எம். என்னும் பகுதி சேர்க்கப்பட்ட 2007-க்குப் பிறகு, அந்த வசதி சிறு கணக்கறைகளுக்கும் செலவின்றி எட்டிவிட்டது. இங்கே வி.எம். தன் டிஸ்க் என்று நம்புவது, சர்வரில் கிடக்கும் ஒரு சாதாரணக் கோப்பைத்தான். அப்படி நம்பவைக்கும் மென்பொருள் கெமு. அதை மேய்க்கும் காரியஸ்தர் லிப்விர்ட். அந்தக் காரியஸ்தரிடம் நாம் கட்டளை சொல்லும் வாயில் விர்ஷ். 'விர்ஷ் அட்டாச்-டிஸ்க்' என்று தொடங்கி, வி.எம்.மின் பெயர், கோப்பு இருக்கும் இடம், உள்ளே அது தோன்றவேண்டிய பெயர் ஆகிய மூன்றையும் சொல்லி, நம் தம்பியின் வரி முடிந்திருந்தது. அதில் இன்னும் ஒரு சொல் வேண்டியிருந்தது.

அந்தச் சொல் என்ன என்பதைக் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு விளக்குவது, கணினி மாணவருக்கு விளக்குவதைவிடச் சுலபம் என்பது என் அபிப்பிராயம். புஞ்சையில் இந்த வருஷம் இன்ன பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் வேறு. புஞ்சை யார் பேரில் இருக்கிறது என்று சொல்லும் சிட்டா வேறு. கம்பும் உளுந்தும் விளைந்து நிற்கிற காட்டிலேயே, சிட்டாவில் பேர் ஏறாதவன், ஜமாபந்தியன்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். வி.எம்.முக்கும் அவ்வாறே இரண்டு தஸ்தாவேஜுகள் உண்டு. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிலை ஒன்று. அதற்கு 'லைவ்' என்று பெயர். அணைந்து மறுபடி எழும்போது படித்துப் பார்க்கும் பதிவு மற்றொன்று, அது 'கான்ஃபிக்'. ஓடுகிற வி.எம்.முக்கு அட்டாச்-டிஸ்க் என்று மட்டும் சொன்னால், டிஸ்க் முதலாவதில் மட்டுமே ஏறும். 'பெர்சிஸ்டெண்ட்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னால்தான் இரண்டிலும் ஏறும். வி.எம்.முக்கு உள்ளிருந்தபடியே ரீபூட் செய்யும்போது, வெளியே கெமு அணைவதில்லையாதலால் லைவ் நிலை கலையாமல் இருக்கும். ஆகவே தம்பி செய்த சோதனையில் டிஸ்க் பத்திரமாகத் தெரிந்தது. முற்றிலும் அணைத்து எழுப்பியிருந்தால் அன்று மாலையே குட்டு வெளிப்பட்டிருக்கும். அவ்வளவு துணிவு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது: 'டாம்பிளக்லிஸ்ட்' என்ற கட்டளையை ஒருமுறை வெறுமனேயும், ஒருமுறை 'இன்ஆக்டிவ்' என்ற சொல்லோடும் கொடுத்து, இரண்டு ஜாபிதாவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டால் போதும்.

இதைவிட அபாயகரமான பிழை ஒன்றுண்டு. கியூகவ்2 என்னும் வகைக் கோப்பில் 20 ஜி.பி. டிஸ்க் ஒன்றை உண்டாக்கினால், ஆரம்பத்தில் அது ஏறத்தாழ 200 கிலோபைட் இடமே பிடிக்கும். எழுத எழுதப் பெருகும். மழையில் ஊறிப் பெருத்துக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணின் குணத்தில் பாதி அதற்கு உண்டு. பாதி என்றேன், ஏனெனில் உள்ளே அழிப்பதால் மட்டும் அது தானாகச் சுருங்குவதில்லை. இந்தக் கோப்பைச் சேர்க்கும்போது அதன் வகை இன்னதென்று 'சப்டிரைவர்' என்ற குறிப்பால் சொல்லாமல் விட்டால், லிப்விர்ட் அதை வெறும் கச்சா டிஸ்க், அதாவது 'ரா' என்று கொண்டுவிடும். உள்ளே பார்ப்பவருக்கு 20 ஜி.பி.க்குப் பதிலாக 200 கிலோபைட்தான் தெரியும். கோப்பைத் திறந்து பார்த்து வகையைத் தானே தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். முன்பு அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. ஆனால் கச்சா டிஸ்க்கின் தலைப்பில், வி.எம்.முக்குள் இருக்கும் ஒரு துஷ்டன் கியூகவ்2-க்குரிய முத்திரையைப் போலியாக எழுதி, சர்வரின் ரகசியக் கோப்பு ஒன்றைத் தன் மூலக்கோப்பாகக் குறித்துவிட்டால், அடுத்த முறை அது அவன் கண்ணுக்குத் திறந்துவிடும் என்பது அம்பலமானபின், 2010-இல் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. எனவே டிஸ்க் எதிர்பாராத சிறுமையோடு தோன்றினால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஃபார்மேட் செய்துதான் பார்ப்போமே என்று கைவைத்தவன் கோப்பின் தலைப்பையே அழித்தவனாவான். 'கெமு-இமேஜ் இன்ஃபோ' என்று கேட்டால் வகையும் உண்மையான அளவும் ஒரு நொடியில் தெரியும்.

அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வந்தால், பலரும் கோப்புக்குச் சகல உரிமைகளையும் வாரி வழங்கிவிட்டு, மறுபடியும் அதே செய்தியைக் கண்டு திகைக்கிறார்கள். காட்டுக்குப் பத்திரம் இருந்தும், இடையிலுள்ள பிறர் காட்டின் வழியே வண்டிப்பாதை இல்லாதவன் கதைதான் இது. கெமு நம் பெயரால் ஓடுவதில்லை. தனக்கென்று உரிமை குறைந்த ஒரு பெயரால் ஓடுகிறது. அந்தப் பெயர் நம் ஹோம் அடைவைக் கடந்து செல்ல வழியில்லாதபோது, உள்ளே கிடக்கும் கோப்புக்கு என்ன உரிமை கொடுத்து என்ன பயன்? உபுண்டுவில் ஆப்ஆர்மர், ஃபெடோராவில் எஸ்.இ.லினக்ஸ் என்ற காவல்காரர்களும் இடையில் நிற்பார்கள். டிஸ்க் கோப்புகளை லிப்விர்ட்டின் சொந்த இமேஜஸ் அடைவிலேயே வைத்துவிடுவது விவேகம்.

வேறு சில தொல்லைகள் சில்லறை ரகம். சாதாரணப் பயனராக விர்ஷை அழைத்தால், அது சர்வரின் பொதுப் பட்டியலைப் பார்க்காமல் அந்தப் பயனரின் தனிப்பட்டியலைப் பார்க்குமாதலால், அப்படி ஒரு வி.எம்.மே கிடையாது என்று சாதிக்கும். விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிமுடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வருவதால், கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று சொல்லும். ஒரே ஸ்கிரிப்டை இருமுறை ஓட்டினால், அந்தப் பெயரில் ஏற்கனவே டிஸ்க் இருக்கிறது என்று மறுக்கும். எழுதும் பூட்டுக் கிடைக்கவில்லை என்ற செய்தி மட்டும் சில்லறையன்று: ஒரே நிலத்தை இருவருக்குக் கிரயம் செய்யாதபடி, 2017-இல் கெமு 2.10 பதிப்பில் வைத்த காவல் அது. அதைச் சிரமப்பட்டு மீறி, ஒரே கோப்பில் இரண்டு வி.எம்.களை எழுதவிட்டால், இரண்டின் எழுத்தும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

உள்ளே தோன்றவேண்டிய பெயராக நாம் 'விடிபி' என்று குறிப்பிட்டதும் ஒரு வேண்டுகோளே. லினக்ஸ் தான் கண்டுபிடித்த வரிசையில் பெயரிட்டுக்கொள்ளும். 'வேலிக்கருவேல மரத்துக்கு மேற்கே உள்ள காடு' என்று பத்திரம் எழுதுவதற்கும், சர்வே எண்ணைப் போட்டு எழுதுவதற்கும் உள்ள பேதம்தான் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு கோப்புமுறைக்கும் யு.யு.ஐ.டி. என்ற நெடிய எண் உண்டு, மவுண்ட் செய்வதற்கு, அதாவது டிஸ்க்கை ஓர் அடைவோடு இணைப்பதற்கு, அதையே நம்ப வேண்டும்.

தம்பி அதைச் சரியாகவே செய்திருந்தார். அதோடு, டிஸ்க் இல்லாவிட்டாலும் தயங்காமல் எழுந்திரு என்னும் 'நோஃபெயில்' குறிப்பையும் சேர்த்திருந்தார். ஆகவே அன்று காலை வி.எம். யாதொரு முறையீடுமின்றி எழுந்தது. டிஸ்க் மவுண்ட் ஆகவேண்டிய அடைவு காலியாக இருக்க, கணக்கு மென்பொருள் அதையே புதுக் கணக்காகப் பாவித்து, ரசீது எண் ஒன்றிலிருந்து தொடங்கியது. ஏப்ரல் முதல் தேதியாகையால் குமாஸ்தாவுக்கும் அதில் சந்தேகம் எழவில்லை. மத்தியானம், பெர்சிஸ்டெண்ட் என்ற சொல்லோடு டிஸ்க்கை மறுபடி சேர்த்து மவுண்ட் செய்ததும், போன வருஷத்துக் கணக்குகள் அத்தனையும் திரும்பிவந்தன. காலையில் எழுதிய ரசீதுகள் மறைந்தன. குமாஸ்தாவின் முகம் வெளிறிவிட்டது. தம்பி சிறிது நேரம் யோசித்துவிட்டு, சிரித்துக்கொண்டே, டிஸ்க்கை ஒரு நிமிஷம் அன்மவுண்ட் செய்து காட்டினார். விரித்த ஜமுக்காளத்தை எடுத்ததும் அடியில் கிடக்கும் சில்லறையைப்போல, அந்தக் காலி அடைவுக்குள், பழைய டிஸ்க்கின் மேலேயே, ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரையில் ரசீதுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுக் கிடந்தன.