குடிக்காத நாளுக்குக் கூலி

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை என்றால் மருந்து, ஆலோசனை, மறுவாழ்வு மையத்தில் சில வாரத் தங்கல் ஆகியவையே கோவைப் பகுதியில் பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் போதையின்றி இருக்கிறார் என்பதைச் சோதனையால் உறுதிசெய்து, உறுதியான அந்த நிமிடமே ஒரு சிறு தொகையையோ பொருளையோ அவர் கையில் கொடுக்கும் இன்னொரு முறையும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கின்றன. அவற்றுள் குறிப்பிடத்தக்க இரண்டு சென்னையிலேயே நடந்தவை. நிபந்தனைசார் ஊக்கமுறை என்று இதைத் தமிழில் சொல்லலாம். நோயாளி அளிக்கும் வாக்குறுதியையோ மருத்துவருக்கு அவர்மேல் உள்ள நம்பிக்கையையோ பொறுத்துப் பரிசு வருவதில்லை. சோதனையின் முடிவு என்ற ஒரே நிபந்தனையைப் பொறுத்தே வருகிறது என்பதால் இப்பெயர் பொருந்தும்.

இம்முறையின் அடிப்படை, ஒரு செயலைத் தொடர்ந்து உடனே இன்பமான விளைவு வந்தால் அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் நிறுவிய கொள்கையாகும். அந்த விளைவை உளவியலார் வலுவூட்டல் என்பர். மது தரும் வலுவூட்டல் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. மதுவைத் தவிர்ப்பதன் பலனோ, தேறிய கல்லீரலாகவும் அடைபட்ட கடனாகவும் மகளின் படிப்பாகவும், மாதங்களும் ஆண்டுகளும் கழித்தே வருகிறது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோனிலோ வேலை பார்ப்பவர் வாரக்கூலியை வாங்கிக்கொண்டு சனிக்கிழமை மாலை வெளியே வரும்போது, பத்தாண்டுக்குப் பின் வரக்கூடிய நன்மையும் பத்து நிமிடத்தில் கிடைக்கக்கூடிய குவார்ட்டரும் அவர் மனத்தில் ஒரே எடையோடு நிற்பதில்லை. தள்ளிப்போகும் பயனின் மதிப்பு மனத்தில் குறைந்துகொண்டே போகும் இந்த இயல்பு எல்லா மனிதருக்கும் உண்டு. போதைக்கு ஆட்பட்டவர்களிடம் அது மிகக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நிதானத்தின் பலனைப் பத்தாண்டுத் தொலைவிலிருந்து இன்று மாலைக்கு இழுத்துவருவதே ஊக்கமுறை செய்யும் வேலை.

இதை முறையான சிகிச்சையாக வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹிக்கின்ஸ். கோக்கைனுக்கு ஆட்பட்டவர்களுக்காக 1990களின் தொடக்கத்தில் அவர் வகுத்த திட்டத்தில், போதைப்பொருள் இல்லை என்று காட்டும் முதல் சிறுநீர் மாதிரிக்கு இரண்டரை டாலர் மதிப்புள்ள சீட்டு தரப்பட்டது. அடுத்தடுத்த ஒவ்வொரு சுத்தமான மாதிரிக்கும் ஒன்றேகால் டாலர் கூடியது. தொடர்ந்து மூன்று மாதிரிகள் சுத்தமாக இருந்தால் பத்து டாலர் தனியாகச் சேர்ந்தது. இடையில் ஒரு முறை தவறினாலும் அடுத்த சீட்டு மீண்டும் இரண்டரை டாலருக்கே இறங்கிவிடும். ஆனால் அதுவரை சேர்த்தது பறிபோகாது, தொடர்ந்து ஐந்து மாதிரிகள் சுத்தமாக வந்தால் விட்ட உயரத்துக்கே திரும்பவும் ஏறிக்கொள்ளலாம். சறுக்கியவரைத் தண்டித்து வெளியே தள்ளாமல், ஏறிய படியை இழப்பது வருத்தமாகவும் மீண்டும் ஏறுவது கைக்கெட்டுவதாகவும் ஆக்கிய இந்த அமைப்பில்தான் இம்முறையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. 1994இல் வெளியான அவரது ஆய்வில், இருபத்துநான்கு வாரச் சிகிச்சையை முடித்தவர்கள் சீட்டு பெற்ற குழுவில் நூற்றுக்கு 75 பேர், பெறாத குழுவில் 40 பேர்.

செலவைக் குறைக்கக் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நான்சி பெட்ரி வேறொரு வழி கண்டார். மதுப் பழக்கமுள்ள 42 முன்னாள் படைவீரர்களிடம் அவர் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், நிதானமாக வந்தவர் ஒரு கிண்ணத்துக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்தார். சில சீட்டுகளுக்குப் பரிசு எதுவும் இல்லை, மற்றவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சிறு பரிசும் மிகச் சிலவற்றுக்குப் பெரிய பரிசும் கிடைத்தன. எட்டு வாரச் சிகிச்சையில் கடைசிவரை நிலைத்தவர்கள் இக்குழுவில் நூற்றுக்கு 84 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 பேர். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் இம்முறையைப் பரவலாக்கின. கலிபோர்னியா மாநிலம் 2023இல் தன் ஏழை மக்களுக்கான மருத்துவக் காப்பீட்டிலேயே இதைச் சேர்த்தது.

வசதி படைத்த நாட்டுக்குச் சரி, நம் ஊர்த் தொழிலாளிக்கு இது ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு நேரான விடை சென்னையில் இருக்கிறது. பொருளியலாளர் ஃபிராங்க் ஷில்பாக் அங்கே சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்கள் 229 பேரிடம் மூன்று வாரம் நடத்திய களஆய்வு 2019இல் அமெரிக்கப் பொருளியல் இதழ் ஒன்றில் வெளியானது. தொழிலாளி நாள்தோறும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து, போக்குவரத்துக் காவலர் கையில் வைத்திருப்பதைப் போன்ற மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத வேண்டும். குடித்திருந்தால் 60 ரூபாய், குடிக்காமல் வந்திருந்தால் 120 ரூபாய். ஒப்பீட்டுக் குழுவினருக்குக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 90 ரூபாய் தரப்பட்டது. நாளுக்கு முந்நூறு ரூபாய் அளவில் சம்பாதித்தவர்களுக்கு அறுபது ரூபாய் வேறுபாடு சிறு தொகையன்று. ஊக்கத்தொகை பெற்றவர்கள் பகலில் நிதானமாக இருப்பது தெளிவாகக் கூடியது. அதைவிட முக்கியமாக, அலுவலகத்தில் அவர்கள் போட்டுவைத்த சேமிப்பு ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்ந்தது. குடிக்குச் செலவாகாமல் மிஞ்சிய பணத்தையும் கூடுதல் வருவாயையும் கொண்டு அந்த உயர்வில் பாதிக்கு மேல் விளக்க முடியவில்லை. தெளிந்த தலையோடு இருந்ததாலேயே நாளையைப் பற்றி நினைக்க முடிந்தது என்பதே ஆய்வாளரின் முடிவு.

அதே ஆய்வில், குடித்தாலும் கிடைக்கும் நிலையான தொகை, குடிக்காவிட்டால் மட்டுமே கூடும் தொகை ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தொழிலாளர் சிலருக்கு வாய்ப்பளித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் பணத்தை விட்டுக்கொடுத்தாவது நிபந்தனையோடு வரும் தொகையையே கேட்டார்கள். எதிர்ப்பக்கம் 150 ரூபாய், அதாவது நிதானமாக வந்தால் கிடைக்கும் உச்சத் தொகையைவிடக் கூடுதல், வைக்கப்பட்டபோதும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நிபந்தனையை விடவில்லை. தங்களைக் கட்டிப்போட ஏதேனும் ஒன்று வேண்டும் என்று அவர்களே காசு கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். குடிப்பவனுக்குத் திருந்தும் எண்ணமே இல்லை என்று வீட்டிலும் வீதியிலும் சொல்லப்படும் தீர்ப்பை இதைவிட வலுவாக மறுக்கும் சான்று வேறில்லை.

அவ்வாய்வின் எல்லையையும் மறைக்கக் கூடாது. ஊக்கத்தொகை பெற்றவர்களில் பலர் குடியை விடவில்லை, சோதனை முடிந்த பின்னிரவுக்குத் தள்ளிவைத்தார்கள். மொத்தக் குடி சிறிதளவே குறைந்தது. எதற்குப் பரிசு தரப்படுகிறதோ அது மட்டுமே மாறும் என்ற இந்தப் பாடத்தையே சென்னையின் மற்றோர் ஆய்வும் கற்பித்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள போதைப்பொருள் பயனாளர்கள் 120 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான அவ்வாய்வில், மருத்துவமனைக்கு வந்து சிகிச்சையைத் தொடங்கினால் உணவுப்பொருளோ வீட்டுப்பொருளோ வாங்கிக்கொள்ளும் சீட்டு தரப்பட்டது. சிகிச்சையைத் தொடங்கியோர் அக்குழுவில் நூற்றுக்கு 45 பேர், மற்றக் குழுவில் 27 பேர். ஆயினும் இரத்தத்தில் வைரஸை அடக்குவதில் இரு குழுவுக்கும் வேறுபாடு தென்படவில்லை.

குடியை விட்டால் மாலை நேரம் எதனால் நிரம்பும் என்ற கேள்வி கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ இதழை நடத்திய இராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சட்டமும் காவலும் மட்டும் போதா என்று உணர்ந்தே, கள்ளுக்கடையில் கழிந்த பொழுதுக்கு ஈடாக விளையாட்டும் பஜனையும் நாடகமும் சேமிப்புப் பழக்கமும் ஊர்களில் ஊக்குவிக்கப்பட்டன. குடிக்குப் போட்டியாக வேறோர் இன்பத்தை அதே நேரத்தில், அதே ஊரில் வைக்க வேண்டும் என்று இன்றைய நடத்தையியல் சொல்வதை அத்திட்டம் முன்பே தொட்டிருந்தது. பழனிப் பாதயாத்திரைக்கும் சபரிமலைக்கும் மாலை போடும் காலத்தில் இதே தத்துவம் இன்றும் வேலை செய்கிறது: கடும் குடிகாரர் என்று பெயரெடுத்தவரும் ஒரு மண்டலம் மதுவைத் தொடாமல் இருக்கிறார், மனைவியும் பங்காளிகளும் அவரைச் ‘சாமி’ என்று அழைக்கிறார்கள், அந்த மரியாதை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு அழைப்பிலும் கைமேல் கிடைக்கிறது. மாலையைக் கழற்றியதும் மரியாதை நின்றுபோக, பலர் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். பரிசு நின்ற பின் பலன் தேய்வது சீட்டு முறைக்கும் உள்ள குறைதான். அதனாலேயே பரிசுக் காலத்துக்குள் வேலை, குடும்பம், துணைக்குழு ஆகியவற்றின் மதிப்பை நோயாளி உணரும்படி செய்ய வேண்டியிருக்கிறது.

குடிக்காமல் இருப்பது கடமை, அதற்குக் காசு கொடுப்பது லஞ்சம் என்ற எதிர்ப்பு நேர்மையான எதிர்ப்பே. ஆனால் தமிழ்நாட்டில் கர்ப்பிணி பரிசோதனைக்குத் தவறாமல் வந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தவணை தவணையாக உதவித்தொகை தரப்படுகிறது, காசநோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்குப் பணம் வருகிறது. இவற்றை எவரும் லஞ்சம் என்பதில்லை. குடிப்பவரே சிறு தொகைக்கு அசைவார் என்பதையும் இப்பகுதி கண்ணால் கண்டிருக்கிறது. வனத்திலும் வயலிலும் வீசப்படும் மதுப்புட்டிகளைத் தடுக்க, உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பின்னர் கோவைக்கும் விரிந்த திட்டத்தில், புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கப்பட்டு, காலிப்புட்டியைத் திருப்பித் தந்தால் அது திருப்பித் தரப்படுகிறது. பத்து ரூபாய்க்காகப் புட்டியைச் சுமந்து திரும்பி வருபவரை எந்தப் பரிசும் அசைக்காது என்று சொல்வதில் நியாயமில்லை.

கோவையில் இதைச் செய்ய முற்படுவோர் முதலில் கவனிக்க வேண்டியது உயிர்ப்பாதுகாப்பு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் பரிசுக்கு ஆசைப்பட்டுத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும், சிலருக்கு உயிரைப் பறிக்கும் மனக்குழப்பமும் நேரலாம்; ஆகவே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நச்சு நீக்கச் சிகிச்சை முடிந்த பின்பே ஊக்கமுறை தொடங்க வேண்டும். அடுத்தது அளவீடு. ஒரு குவார்ட்டரில் உள்ள மதுச்சத்து ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் உடலை விட்டு நீங்கிவிடுவதால், சனிக்கிழமை இரவு குடித்தவர் ஞாயிறு பிற்பகலில் ஊதினால் கருவிக்குத் தெரியாது. சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு என்ற சிதைபொருளைத் தேடும் சோதனை இரண்டு மூன்று நாள் பின்னோக்கிப் பார்க்க வல்லது. வாரம் இருமுறை அதைச் செய்தால் பின்னிரவுக்குத் தள்ளும் வழி பெருமளவு அடைபடும். வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கோவை இளைஞர்களுக்கும் சிறுநீர்ச் சோதனையே பொருந்தும். அந்த மாத்திரையைக் காட்டும் சோதனைப் பட்டைதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதே கடைசிக் கேள்வி. 2023–24இல் டாஸ்மாக் விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. அவ்வருவாயில் மிகச் சிறு பங்கே ஒரு மாவட்டத்தின் சோதனைப் பட்டைக்கும் பரிசுச் சீட்டுக்கும் போதும். சீட்டு ரொக்கமாக இராமல் மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் செல்லுபடியாவதாக இருக்கட்டும். சோதனை மேசை, சனிக்கிழமை மாலையிலும் ஞாயிறு காலையிலும், சம்பளம் கைமாறும் சோமனூரிலும் அவிநாசியிலும் திறந்திருக்கட்டும்.