கிணற்றுத் தோட்டத்தில் சீமைக் கருவேல்

கிணற்றுத் தோட்டத்தின் மூலையில் சீமைக் கருவேல் ஒன்று தலையெடுத்துவிட்டால், அது குடியானவருக்கு எளிதில் தீராத தொல்லையாகும். வாய்க்கால் நீரில் அது பங்கு கேட்கும். பாத்தியில் இறங்குவோர் காலில் முள் தைக்கும். 1870ஆம் ஆண்டுகளில் விறகுக்கென்று சென்னை மாகாணத்தின் வறண்ட பகுதியில் கொண்டுவந்து விதைக்கப்பட்ட மரம் இது. விறகு தருவதில் அது குறை வைக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

ஆண்டுதோறும் அதைத் தரையோடு வெட்டிவிட்டு, தோட்டம் துப்புரவாயிற்றென்று மகிழ்வோர் பலர். அம்மகிழ்ச்சி அடுத்த மழை வரைதான். தூரில், மண்மட்டத்துக்குக் கீழே உறங்கும் முளைகள் விழித்துக்கொள்ள, ஒரு தண்டு நின்ற இடத்தில் பல போத்துகள் முள்ளோடு எழும்.

ஆகையால் மழைக்குப் பின், மண் இளகியிருக்கையில் வேலையைத் தொடங்குதல் நலம். கிளைகளைக் கழித்து, பிடித்து அசைப்பதற்காக மார்பளவு தண்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும். பின்னர் தூரைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குக் குறையாமல் தோண்டி, பக்கவேர்களைக் கோடரியால் அறுத்து, கடப்பாறையை அடியிலிட்டு நெம்ப வேண்டும். முதலில் மரம் அசையாது. பெரிய மரமாயின் இரண்டாம் நாளும் அசையாதிருக்கலாம். ஆணிவேர் மடக்கென்று முறிந்து தூர் புரளும் கணத்தில் உண்டாகும் திருப்தியோ, களத்தில் தானியம் அளக்கும் திருப்திக்குச் சற்றும் குறைந்ததன்று. உள்ளங்கைக் கொப்புளங்கூட அப்போது நினைவுக்கு வாராது.

தூரைப் பிளந்து விறகாக அடுக்கலாம், கரிமூட்டத்துக்கும் கொடுக்கலாம். நெற்றுகளை மட்டும் ஆடுமாடுகள் தின்ன விடலாகாது. விதைகள் செரியாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வந்து முளைக்கும். குழி மூடிய இடத்தில் அடுத்த மழைக்குத் தோன்றும் நாற்றுகளை, முள் முற்றுமுன் இரு விரலால் பிடுங்கிவிடலாம்.