கொல்லைப்புறம் – 9: கரையானுக்கும் ஒரு பங்கு

ஒரு பழைய மண்பானை, கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம், கொஞ்சம் வைக்கோல், ஓலைத்துண்டு. எல்லாவற்றையும் பானைக்குள் திணித்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் ஈரமண் மேல் கவிழ்த்துவிட வேண்டும். அக்கம்பக்கத்தில் கரையான் நடமாட்டம் இருந்தால், விடிவதற்குள் பானைக்குள் ஏறிவிடும். வெயில் ஏறுமுன் பானையைத் தூக்கிக் குஞ்சுகளின் நடுவே தட்டினால், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கொத்தித் தீர்த்துவிடும். நாட்டுக்கோழி வளர்க்கும் தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறைகளாக நடந்துவரும் ஏற்பாடு இது. குஞ்சுகளுக்குக் காசில்லாமல் கிடைக்கும் புரதம்.

கரையான் என்றாலே வீட்டுக்காரருக்கு எரிச்சல்தான். நிலைக்கதவு, உத்தரம், பத்திரக்கட்டு என்று எதையும் விட்டுவைக்காத பூச்சி. ஆனால் கோழி, காய்கறி, காளான் மூன்றும் வேண்டும் என்று நினைக்கிற கொல்லையில் அதைவிட அதிகமாக உழைக்கும் உயிர் வேறில்லை. மூன்றின் கணக்கிலும் அதற்குப் பங்கு உண்டு.

முதலில் கோழி. உறுதியாக அடையாளம் காணப்பட்ட மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது என்றும் 2022-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நெல்லும் தினையும் விளைந்த வயலோரத்துக்குக் காட்டிலிருந்து இரை தேடி வந்த செங்காட்டுக்கோழி, அப்படியே மனிதர்களோடு தங்கிவிட்டது என்பது ஆய்வாளர்களின் முடிவு. இந்தக் கதையில் நம் பக்கத்துப் பறவைக்கும் இடமுண்டு. மஞ்சள் காலும் மஞ்சள் தோலும் உள்ள கோழிகளுக்கு அந்த நிறத்தைத் தந்த மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டறிந்தார்கள்.

சிறுவிடைப் பெட்டைக்கோழி ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். 21-ஆம் நாள் குஞ்சு பொரியும். பண்ணைக் கோழியோடு முட்டை எண்ணிக்கையில் அது போட்டிபோட முடியாது. ஆனால் அடைகாக்கவும், குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயவும், பருந்தின் நிழல் கண்டதும் இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். பருந்துக்கும் கீரிக்கும் பஞ்சாரம் போட்டு மூடலாம். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி ஒன்றுதான் வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. இந்த இரண்டையும் தவறவிட்ட வீட்டில் கோடையில் நோய் நுழைந்தால் சில நாளில் கூடு காலியாகிவிடும். இதில் சோம்பலுக்கு இடமே கொடுக்கக் கூடாது.

கோழியும் காய்கறியும் ஒரே கொல்லையில் என்றால், விதைக்கு முன்பே வேலி வேண்டும். நாற்று நட்ட பாத்தியை ஒரு கோழி அரைமணி நேரத்தில் கிளறிப் போட்டுவிடும். கிளுவையோ நொச்சியோ நட்டு, இடைவெளியில் முள் அடைத்துவிட்டால் போதும். கொடி பந்தலேறிய பிறகு கோழியை உள்ளே விடலாம். அப்போது அது பந்தலடிப் பூச்சிகளையும் புழுக்களையும் பொறுக்கும் கூலியில்லா வேலையாள்.

பந்தலுக்கு ஆடிப்பட்டம்தான். அவரை, பீர்க்கு, புடல், சுரை எல்லாம் அப்போது ஊன்றியாக வேண்டும். குறிப்பாக நாட்டு அவரைக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. பகல் குறுகி இரவு நீண்டால்தான் அது பூக்கும். மாசியில் ஊன்றினால் கோடை முழுக்க இலையும் கொடியுமாகத் தழைத்து நிற்குமே தவிர, பூ வைக்காது. ஆடியில் ஊன்றியது ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, பொங்கலன்று குழம்புக்குக் காய் தரும். நுனியில் அசுவினி அடைந்தால் காலைப் பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பலைத் தூவுவது வழக்கம்.

கோழி எச்சத்தை அப்படியே செடிக்குப் போடக் கூடாது. "கோழி எரு சூடு" என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். அதிலிருந்து கிளம்பும் அமோனியா வேரைக் கருக்கிவிடும். சருகோடு சேர்த்துக் குவித்து, சில மாதம் மக்கவிட்ட பிறகே பாத்திக்குப் போக வேண்டும். பாத்தியின் மேல் சருகு மூடாக்கு போட்டால் கரையான் வரும். வந்ததுமே மருந்து வாங்க ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது தின்பது காய்ந்த சருகையும் குச்சியையும்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களில் நடந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. எறும்பும் கரையானும் இருந்த நிலத்தில், அவற்றை நீக்கிய நிலத்தைவிட 36 சதவீதம் கூடுதல் விளைச்சல். அவை குடைந்த வளைகள் வழியே மழைநீர் ஆழமாக இறங்கியதும், மண்ணில் தழைச்சத்து கூடியதும் காரணம்.

மூன்றாவது பங்குதான் அதிசயமானது. ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று பெய்து ஓய்ந்ததும், கொல்லைக்கு அப்பால் புற்றுமேட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தலைதூக்குமே, அந்தப் புற்றுக்காளான் கரையானின் வெள்ளாமை. சருகையும் மரத்துகளையும் தின்று கழித்த எச்சத்தால் மண்ணுக்கடியில் தேனடை போன்ற ஒரு தோட்டத்தைக் கரையான் கட்டுகிறது. அதில் பூஞ்சையைப் பயிரிட்டு, அது மக்கவைத்துத் தருவதை உண்கிறது. சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் விவசாயம். நமக்குக் கிடைப்பது அந்தப் பூஞ்சை விதை பரப்ப வெளியே நீட்டும் குடை மட்டும்தான்.

இந்தக் காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று 1942-ல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம். 1979-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன், தென்னிந்தியாவில் கண்ட ஒரு வகையை உலகுக்கு அறிவித்து, அதற்கு ஹெய்மின் பெயரைச் சூட்டினார். பால் காளானைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் ஏபிகே 2 என்ற ரகமாகக் குடிசைக்குள் வளர்க்கக் கொடுத்துவிட்டது. அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கிய ரகம் அது. புற்றுக்காளான் அப்படி அடங்கவில்லை. அதற்குக் கரையானும் வேண்டும், புற்றும் வேண்டும்.

பறிக்கும் கை கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. புற்றுக்காளானின் குடை நடுவே கூரான முனை இருக்கும். தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு, கரையான் தோட்டம்வரை போகும். மழைக்குப் பின் புல்வெளியிலும் மாட்டுத்தொழுவத்தோரமும் முளைக்கும் பெரிய வெள்ளைக்குடை ஒன்று அதைப்போலவே ஏமாற்றும். அதன் குடையை ஒரு வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு வைத்தால் பச்சைத்தூள் படியும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வாட்டிவிடும். புற்றுக்காளானின் தூள் வெளிர் சிவப்பு. அந்த நிறத் தூள் விடும் நச்சுக்காளான்களும் உண்டு என்பதால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பவே கூடாது.

வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்ற சோதனைகள் உயிரைக் காப்பாற்றாது. கொடிய நச்சுக்காளானின் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வயிறு புரளும். நடுவில் தேறியதுபோல் தோன்றி, பிறகு கல்லீரல் செயலிழக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். அடையாளம் சொல்லத் தெரிந்தவர் கூட இல்லையென்றால் பறிக்காமல் வந்துவிட வேண்டும்.

அடையாளம் தெரிந்தவர்களும் கடப்பாரை கொண்டுபோவதில்லை. தண்டை மண்மட்டத்தில் அறுத்தெடுப்பார்கள். தோட்டம் கலையாமல் இருந்தால் அடுத்த ஐப்பசியிலும் அதே இடத்தில் எதிர்பார்க்கலாம். கோழிக்குக் கரையான் வேண்டுமென்று புற்றை உடைப்பதும் வேண்டாம், அதற்குத்தான் பானை. வீட்டுச் சுவரோரம் வந்தால் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். வேலிக்கு அப்பால் நிற்கும் புற்றில் மருந்து ஊற்றினால் அங்கே முளைக்கும் காளானும் கைவிட்டுப் போகும். தப்பி முளைத்தாலும் சமைக்கக் கூடாது.

அடுத்த வாரம்: விதைக்காமலே வேலியோரம் வளரும் கீரைகள்.

(தொடரும்)