நடுவில் நூல், ஓரத்தில் தாத்தா – பேரன் சண்டை!

யூதர்களின் தல்மூத் நூலின் ஒரு பக்கத்தை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால் இப்போதே வாருங்கள், உள்ளே கூட்டிப்போகிறேன். எபிரேயம் ஓர் எழுத்துகூடத் தெரிய வேண்டாம். பக்கத்தின் அமைப்பைப் பார்த்தாலே போதும், மனசு துள்ளும்!

நம்ம ஊர்ப் பழைய வீடு மாதிரி, நடுவில் முற்றம், சுற்றிலும் திண்ணை. முற்றத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மிஷ்னாவும் அதன் மேல் நடந்த வாதமான கெமாராவும். புத்தகம் தைத்த பக்கத்துத் திண்ணையில் சின்ன எழுத்தில் ராஷி என்ற உரையாசிரியர். எதிர்த் திண்ணையில் தோசஃபோத் என்ற இன்னோர் உரை. அதை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? ராஷியின் சொந்தப் பேரன்கள்! தாத்தா சொன்ன பொருள் சரியில்லை என்று அதே பக்கத்தில், தாத்தாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து மறுக்கிறார்கள். அச்சிட்டவர்களும் இருவரையும் விட்டுவைத்தார்கள், படிக்கிறவர்களும் இருவரையும் படிக்கிறார்கள்.

யூதர்களின் மறை தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள். ஆனால் தோராவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக் கழித்துப் பாருங்கள், சிக்கிக்கொள்வீர்கள். ஓய்வுநாளில் வேலை கூடாது என்கிறது. சரி, எது வேலை? சொல்லவில்லை. மிஷ்னாதான் 39 வகை வேலைகளைப் பட்டியல் போட்டுத் தருகிறது. ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் வேகவைக்கக் கூடாது என்று தோரா மூன்று இடங்களில் சொல்கிறது. அதிலிருந்துதான் கறியும் பாலும் ஒன்றாகச் சேரக் கூடாது என்ற முழுச் சமையலறைச் சட்டத்தையும் ரபிகள் என்ற யூத ஆசான்கள் எடுத்தார்கள். கண்ணுக்குக் கண் என்ற தண்டனையைப் பண நஷ்டஈடாக மாற்றிப் படித்ததும் அவர்கள்தான். சீனாய் மலையில் எழுதிய தோராவோடு வாய்மொழித் தோராவும் சேர்ந்தே கொடுக்கப்பட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த வாய்மொழியைக் கி.பி. 200 வாக்கில் யூதா ஹநாசி தொகுத்தார், அது மிஷ்னா. அதன் மேல் பாபிலோனியப் பள்ளிகளில் நூற்றாண்டுகளாக நடந்த விவாதம் கெமாரா. இரண்டும் சேர்ந்தது தல்மூத். மறையே போதும், உரை வேண்டாம் என்று பிரிந்து போன கராயிம் என்ற பிரிவினரும் உண்டு.

இனி திரைக்குப் பின்னால் போவோம், இங்கேதான் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை!

ராஷி 1040-ல் பிறந்து 1105-ல் மறைந்தவர், பிரான்ஸில் த்ருவா ஊர்க்காரர். தோரா முழுவதுக்கும், தல்மூதின் பெரும்பகுதிக்கும் உரை எழுதிய மனிதர். அவ்வளவு பெரிய ஆள், ஆதியாகமத்தில் ஓரிடத்தில் ரெபெக்காளை யாக்கோபு, ஏசா இருவரின் தாய் என்று தெரிந்த செய்தியையே மறுபடி சொல்வது எதற்கு என்ற கேள்வி வந்ததும், இது என்ன கற்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதிவைத்துவிட்டார். பேசாமல் கடந்து போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேள்வி இருக்கிறது, பதில் என்னிடம் இல்லை, அடுத்து வருகிறவர் பார்க்கட்டும் என்ற அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் பேரன் ரஷ்பாம் இன்னொன்றைப் பதிவு செய்கிறார். நேரம் மட்டும் கிடைத்தால் நாள்தோறும் புதிதாகத் தோன்றும் நேர்ப்பொருளை வைத்து வேறு உரைகள் எழுத வேண்டும் என்று தாத்தாவே தன்னிடம் ஒப்புக்கொண்டாராம்!

தல்மூதில் மக்கோத் என்ற பகுதியின் 19-ஆம் ஏட்டைத் திருப்புங்கள். உரையின் நடுவில் திடீரென்று ஒரு குறிப்பு. நம் ஆசிரியர் தூய்மையோடு உயிர் நீத்தார், இதற்கு மேல் அவர் விளக்கவில்லை, இனி வருவது அவர் மாணவர் யூதா பென் நாத்தானின் சொற்கள் என்கிறது. அந்த மாணவர் ராஷியின் மருமகன். மாமனார் பேனா நின்ற இடத்தில் மருமகன் தொடர்கிறார், நின்ற இடத்தை யாரும் பூசி மறைக்கவில்லை. பாபா பத்ரா என்ற பகுதியில் இதே போல ரஷ்பாம் தொடர்கிறார்.

இன்னொரு பேரன் ரபேனு தாம், சண்டைக்காரப் பேரன்! வாசல் நிலையில் பதிக்கும் மெசூசா என்ற மறைச்சுருளை நட்டமாக வைக்க வேண்டும் என்றார் ராஷி. கிடைமட்டமாக வைக்க வேண்டும் என்றார் பேரன். ஐரோப்பிய வழி வந்த யூதர் வீடுகளில் இன்றும் அது சாய்ந்தே இருக்கும். இருவருக்கும் பாதிப் பாதி! தொழுகையில் நெற்றியிலும் கையிலும் கட்டும் தோல்பெட்டிக்குள் மறைப்பகுதிகளை எந்த வரிசையில் வைப்பது என்பதிலும் தகராறு. தீராததால், இரண்டு விதமும் செய்து இரண்டையும் கட்டிக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அச்சுக்கூடத்துக்குள்ளும் எட்டிப் பார்ப்போம். தேதி பொறித்து அச்சான முதல் எபிரேயப் புத்தகங்களில் ஒன்று, 1475-ல் இத்தாலியின் ரெஜ்ஜோ கலாப்ரியாவில் வந்தது. தோராவா? இல்லை, தோராவுக்கு ராஷி எழுதிய உரை! மூலத்துக்கு முன்பே உரை அச்சேறிவிட்டது. முழுத் தல்மூதையும் 1520 முதல் 1523 வரை வெனிஸில் அச்சிட்டவர் டேனியல் பாம்பர்க், ஒரு கிறிஸ்தவர். இன்று உலகம் முழுவதும் புரட்டும் ஏட்டெண்கள் அவர் பதிப்பில் நிலைபெற்றவை.

தல்மூதே சொல்லும் ஒரு கதையை விட்டுவிட மனம் வரவில்லை. மோசே, காலம் கடந்து ரபி அகீவாவின் வகுப்புக்குள் கொண்டுபோகப்படுகிறார். எட்டாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிறார். ஒன்றுமே புரியவில்லை! தோராவைக் கொண்டுவந்தவருக்கே! சோர்ந்து போகிறார். அப்போது ஒரு மாணவர், இது உங்களுக்கு எங்கிருந்து தெரியும் என்று கேட்க, சீனாயில் மோசேக்குக் கொடுக்கப்பட்டது என்கிறார் அகீவா. மோசேக்கு மனம் ஆறுகிறது. உரை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

நம்ம கொங்கு நாட்டு அன்னூரில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? நமக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய், அதைத் தாண்டினால் கேரளக் கரை. அங்கே கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் என்ற அரசன், யூசுப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்துச் செப்பேடு வெட்டினான். வட்டெழுத்தில், பழந்தமிழுக்கு மிக நெருங்கிய மொழியில்! 12-ஆம் நூற்றாண்டுப் பயணி துதேலா பெஞ்சமின், கொல்லத்து யூதர்களுக்குத் தோராவும் தீர்க்கதரிசிகளின் நூல்களும் தெரியும், தல்மூத் கொஞ்சம் தெரியும் என்று எழுதினார். உரை கற்றுத்தரும் பள்ளிகள் கடலுக்கு அப்பால் அல்லவா இருந்தன?

அதனால் இவர்கள் கடிதம் எழுதினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து கெய்ரோவில் இருந்த ரபி தாவீது இப்னு சிம்ராவுக்கு ஒரு கேள்வி போனது. எங்களில் சிலரை அடிமை வழி வந்தவர் என்று ஒதுக்கி, பெண் கொடுக்காமல் எடுக்காமல் இருக்கிறார்கள், இது சரியா? முறைப்படி நீரில் மூழ்கி எழுந்தால் அவர்கள் முழு யூதர், மணம் செய்யலாம் என்று பதில் வந்தது. ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தில் ஒதுக்கல் நூற்றாண்டுகளாக நீடித்தது. 20-ஆம் நூற்றாண்டில் வழக்கறிஞர் ஏ.பி. சேலம், காந்தி வழியில் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்த பிறகுதான் அந்தச் சுவர் சரிந்தது. உரையாசிரியரின் கையில் படை இல்லை, காவல் இல்லை. ஒரு பக்கத்தில் நியாயத்தை எழுதிவைக்கிறார், அதை எடுத்து நடத்த ஓர் ஆள் வர வேண்டியிருக்கிறது.

கொச்சி யூதப் பெண்களின் கதை இன்னும் இனிப்பு! அவர்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துக் கல்யாணங்களில் பாடினார்கள். அந்தப் பாட்டுகளில் தோராவில் இல்லாத, ரபிகளின் உரைகளில் மட்டும் வரும் கதைகளும் நுழைந்திருக்கின்றன. கடல் தாண்டி வந்த உரை, பெண்கள் வாய்ப்பாட்டில் உட்கார்ந்துகொண்டது!

உரையின் அருமை கொங்குக்காரர்களுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்குநல்லாரை நிரம்பை ஊரினர் என்று கொங்கு மண்டல சதகம் கொண்டாடுகிறது. அவர் உரையும் நூல் முழுமைக்கும் கிடைக்கவில்லை. கிடைத்த பகுதியிலிருந்துதான் மறைந்துபோன எத்தனையோ இசை, நாடக நூல்களின் பெயர்களை நாம் தெரிந்துகொண்டோம்.

மறுபடி தல்மூதுக்கு வருவோம். தினம் ஓர் ஏடு என்று உலகெங்கும் ஒரே ஏட்டைப் படிக்கும் வழக்கத்தை 1923-ல் மெயிர் ஷபிரோ என்ற ரபி தொடங்கினார். 2711 ஏடுகள், சுமார் ஏழரை ஆண்டு. இப்போது ஓடுவது 14-ஆவது சுற்று, 2027 ஜூன் 7-ல் முடிகிறது. மறுநாளே 15-ஆவது சுற்று ஆரம்பம். ஆங்கிலம் வாசிக்க வருமென்றால், செஃபாரியா என்ற இணைய நூலகத்தில் முழுத் தல்மூதும் மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே ஓர் ஏடு படித்துப் பாருங்கள். படிக்கும்போது பக்கத்தில் ஒரு கூட்டாளியும் இருக்கட்டும், யூதப் பள்ளிகளில் இருவராகத்தான் படிப்பார்கள், அதுவும் சத்தமாக!