தொடாத தந்திகள்

1968 மார்ச்சில் பாடகி ஜோனி மிட்செலின் முதல் ஆல்பமான 'சாங் டு எ சீகல்' வெளிவந்தபோது அவருக்கு 24 வயது. பாட்டு, மெட்டு, குரல், கிடார் எல்லாம் அவருடையவை. உறை ஓவியம்கூட அவர் வரைந்ததுதான். தயாரித்தவர் டேவிட் கிராஸ்பி. ஃபுளோரிடாவின் ஒரு கிளப்பில் இந்தக் கனடாப் பெண் பாடக் கேட்டுச் சொக்கிப்போனவர். டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிடார் என்று எதையும் மேலே பூசிக் கெடுத்துவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

ஹாலிவுட்டின் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் கிராஸ்பி ஒரு விந்தையான வேலை செய்தார். கிராண்ட் பியானோவின் தந்திகளை நோக்கி மிட்செலைப் பாடச் சொன்னார். யாரும் தொடாத அந்தத் தந்திகள் குரலுக்குத் தாமாக ரீங்கரிப்பதைப் பிடிக்கக் கூடுதலாக மைக்குகளும் வைத்தார்.

பியானோ கிடைத்தால் நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். வலது பெடலை மிதித்தால் தந்திகளை அடக்கி வைத்திருக்கும் கம்பளிக் கட்டைகள் விலகி, இருநூற்றுக்கும் மேற்பட்ட தந்திகள் விடுதலையாகும். குனிந்து உரக்க 'ஆ' என்று பாடிவிட்டு நிறுத்துங்கள். உள்ளிருந்து மெல்லிய 'ஆ' ஒன்று திரும்பி வரும். 'ஈ' என்றால் 'ஈ' வரும். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலிலேயே இதை விவரித்திருக்கிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

200 ஹெர்ட்ஸில் பாடும் குரலுக்குள் 400, 600, 800 என்று மேற்சுரங்களும் இருக்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தொட்டுத் தொட்டு விட்டால் அது உயர எழும்புவதுபோல, ஒவ்வொரு மேற்சுரமும் தன் அதிர்வெண்ணுக்குப் பொருந்தும் தந்தியை மட்டும் ஆட்டிவிடுகிறது. இதுதான் ஒத்ததிர்வு. எந்த மேற்சுரம் ஓங்கி ஒலிக்கிறது என்பதில்தான் 'ஆ'வும் 'ஈ'யும் வேறுபடுகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தைத் தந்திகள் அப்படியே வாங்கிக்கொள்கின்றன.

ஆனால் அந்த ரீங்காரம் மிகச் சன்னமானது. அதைக் கேட்கும் அளவுக்குப் பெருக்கினால் மைக் சுற்றின் இரைச்சலும் ஒலிநாடாவின் 'உஸ்' ஓசையும் சேர்ந்தே பெருகும். மிட்செலின் பதிவில் அதுதான் நடந்தது. 'உஸ்' நம் காதில் உறுத்துவது பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில். அவற்றை வெட்டினார்கள்; இரைச்சலோடு குரலின் பளபளப்பும் போயிற்று. மெய்யெழுத்துகளின் கூர்மையும் விரல் தந்தியைச் சுண்டும் ஓசையும் இருப்பது அதே பகுதியில்தான்.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது, கிராஸ்பி பியானோவில் தேடியது மிட்செலின் கிடாரிலேயே இருந்தது என்பது. 9 வயதில் வந்த போலியோ அவருடைய இடது கையைப் பலவீனமாக்கியிருந்தது. சிக்கலான பிடிகளை அழுத்துவது கடினம் என்பதால், அழுத்தாமலே சுரக்கூட்டு (கார்டு) ஒலிக்கும்படி தந்திகளின் ஸ்ருதியையே மாற்றிக்கொண்டார். இப்படி அவர் கையாண்ட ஸ்ருதி அமைப்புகள் ஐம்பதை எட்டும். 'ஓபன் டி' என்ற அமைப்பைப் பாருங்கள். அடித்தந்தி சுமார் 73 ஹெர்ட்ஸ். அதன் மேற்சுரங்கள் 147, 220, 294. நான்காம், இரண்டாம், முதல் தந்திகளின் ஸ்ருதியும் அச்சாக அவைதான்! அடித்தந்தியை மட்டும் சுண்டினாலும் அந்த மூன்றும் கூடவே அதிரும். வழக்கமான ஸ்ருதியில் இந்தப் பொருத்தம் இவ்வளவு நிறைவாக அமையாது. ஒற்றைக் கிடார் இவ்வளவு விசாலமாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2021-இல் வெளிவந்த 'த ரிப்ரைஸ் ஆல்பம்ஸ்' தொகுப்புக்காக மிட்செலின் மேற்பார்வையில் இந்த ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். ஏதாவது ஒரு பாட்டைப் பழைய பதிவிலும் புதியதிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'ஸ' ஒலிக்கும் இடங்களிலும், ஒரு தந்தியைச் சுண்டிவிட்டு அவர் காத்திருக்கும் இடங்களிலும் காதை வையுங்கள்.